கழுத்தில் வந்த நெல்லிக்காய்

முதலில் அதைக் கண்டுபிடித்தவர் சலூன்காரர். பின்கழுத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அண்ணே, இங்க இன்னாமோ உருண்டையா கீது. கொசு கிசு கடிச்சிதா?" என்று கேட்டார். திண்டிவனத்துக் கொசுக்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நெல்லிக்காய் அளவுக்குக் கடித்து வைக்கும் கொசுவை நான் இன்னும் சந்திக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால், தலைமுடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ரப்பர் பந்து மாதிரி ஒன்று இருந்தது. அழுத்தினால் நழுவியது. வலி மட்டும் இல்லை. வலிக்காத கட்டிதான் மோசமான கட்டி என்று எங்கோ படித்திருந்தேன். பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு வேர்த்துவிட்டது.

நான் எப்படிப்பட்ட வீரன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு எரிந்தால் மாரடைப்பு, தலை வலித்தால் மூளையில் கட்டி, கால் மரத்துப்போனால் பக்கவாதம். ஒரு தீபாவளிக்கு அதிரசம் அதிகம் தின்றுவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து ஆட்டோ பிடித்து ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தவன். ஊரில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். பயத்தை வெளியே காட்டாமல் இருக்கத்தான் அத்தனை தமாஷும் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இந்தத் தடவை மனைவியிடமும் சொல்லவில்லை. காரணம் என் மகள். கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகி, வாந்தியும் மயக்கமுமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார். வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதில் கெட்ட செய்தி எதுவும் விழக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. சாவுச் சேதி வந்தால்கூட அவள் உள்ளே போன பிறகுதான் கிசுகிசுவென்று பேசுவார்கள். மனைவிக்குத் தெரிந்தால் அழுவாள், அவள் அழுதால் மகளுக்குத் தெரியும். அதனால் என் கழுத்துக் கட்டி எனக்கும் சலூன்காரருக்கும் மட்டுமான விஷயமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். என் கட்டிக்கும் அவள் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அப்போது கனவில்கூடத் தோன்றவில்லை.

அந்தச் சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுப்பில்தான் இருந்தது. செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸம்மா, பொண்ணுக்கு ரத்தம் கம்மியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரையால் ரத்தம் ஊறும் என்பதை எந்தத் தகப்பன் நம்புவான்? ஆட்டு மண்ணீரல்தான் ரத்தத்துக்கு மருந்து என்று நான் கறிக்கடைக்குப் போய்விட்டேன். கடையில் அதற்குச் சுவரொட்டி என்று பெயர். பேனர் கடை வைத்திருக்கிற நான் சுவரொட்டி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக் கறிக்கடைக்காரர் செய்யாத கிண்டல் இல்லை.

மண்ணீரலைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் சத்தெல்லாம் போய்விடும் என்பது என் கொள்கை. அதனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் சமையலறையில் நுழைவேன். கம்பியில் குத்தி, கேஸ் அடுப்புத் தீயில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வாட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவுவேன். வெளியே கருத்திருக்கும். வெட்டினால் உள்ளே சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புதான் நேராகப் போய் ரத்தமாகும் என்று மகளிடம் விளக்குவேன். விஞ்ஞானத்தில் எனக்கு இருக்கிற ஞானம் அவ்வளவுதான். அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பயப்படாதே, பார் எப்படி இருக்கிறது என்று பாதியை நான் வாயில் போட்டு, ருசித்து, கண்ணை மூடிக் காட்டுவேன். மீதியைத் தட்டோடு அவளிடம் நீட்டிவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

கட்டி வந்த பிறகும் இது நிற்கவில்லை. சாகப்போகிறவன் மகளுக்குச் செய்கிற கடைசி உபகாரம் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டதால் இன்னும் பெரிய துண்டாக வாங்கினேன்.

கட்டியை மறைக்கக் கழுத்தில் துண்டு போட ஆரம்பித்தேன். அதில் ஒரு பேஜாரு. பேனர் கடைக்காரன் எல்லாக் கட்சிக்கும் பொதுவானவன். கலர் துண்டு போட்டால் அன்றோடு பாதி வியாபாரம் போய்விடும். வெள்ளைத் துண்டு போட்டேன். அதற்கும், "இன்னா அண்ணே, புதுக் கட்சி ஆரம்பிக்கிறியா?" என்று கேட்டார்கள். கொள்கை முடிவாகவில்லை என்றேன். சிரித்தார்கள். துண்டுக்குள் என் விரல் கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தது. காலையில் பெரிதாக இருப்பது போலிருக்கும், மத்தியானம் சின்னதாக இருக்கும், சாயங்காலம் இன்னொரு கட்டி பக்கத்தில் முளைத்தது மாதிரி இருக்கும். ஒருநாள் நிஜமாகவே இன்னொன்று முளைத்திருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு.

போனில் தேடினேன். கழுத்தில் கட்டி என்று தமிழில் போட்டதும் ஒருவர் எருக்கம்பால் தடவச் சொன்னார். இன்னொருவர் ராகு சரியில்லை என்றார். மூன்றாமவர் இதைத் தொட்டுப் பார்க்காதீர்கள் என்று தலைப்புப் போட்டு, அரை மணி நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் பத்துத் தடவை தொட்டுவிட்டேன். ராத்திரியானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. உடம்பு அசதியாக இருந்தது. திண்டிவனத்திலேயே ஒரு டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரை கொடுத்து, முடிந்ததும் வரச் சொன்னார். முடிந்ததும் போனேன். கட்டி அப்படியே இருந்தது. அவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட் பண்ணிவிடுங்கள், டிபியாகவும் இருக்கலாம், வேறு மாதிரியாகவும் இருக்கலாம் என்றார். அந்த வேறு மாதிரி என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கடையில் மகளின் வளைகாப்பு பேனரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ரோஜாப்பூ, மயில், நடுவில் மகளும் மாப்பிள்ளையும். வேலை முடிந்து கணினியை அணைக்கப் போனபோது, கை தன்பாட்டுக்குப் போய்க் கண்ணீர் அஞ்சலி என்று புதுப் பக்கம் திறந்துவிட்டது. ஊரில் எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்தவன், எனக்கு மட்டும் அவசரத்தில் எவனாவது பிழையோடு அடித்துவிடக் கூடாதே என்ற கவலை. என் போட்டோவைத் தேடினேன். நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். இமயம் சரிந்தது என்று தலைப்புப் போட்டுப் பார்த்தேன். என் உயரத்துக்கு அது அநியாயம். மாற்றினேன். கீழே துயரத்துடன் என்று மனைவி, மகள், மாப்பிள்ளை பெயர்களை அடித்துவிட்டு, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் போடுவது என்று யோசித்தபோது கை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனா? பக்கத்தை அழித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். அன்றைக்கு மனைவி வைத்த மீன் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

தனியாகப் போகிற தைரியம் இல்லாததால் மச்சானைக் கூப்பிட்டேன். மச்சான் என் மனைவியின் தம்பி. விழுப்புரத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். முண்டியம்பாக்கம் விழுப்புரத்துக்கு முன்னாலேயே ரோட்டு மேலேயே வந்துவிடும், அவனுக்குப் பக்கம். அக்காவிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். ஆறுதல் சொல்வதில் அவன் ஒரு தனி ரகம். துண்டை விலக்கி டயரைப் பார்ப்பது மாதிரி என் கழுத்தை அமுக்கிப் பார்த்தான். "ஒண்ணும் ஆவாது மாமா. எங்க கட பக்கத்துல ஒர்த்தருக்கு இதே எடத்துலதான் வந்துச்சி" என்றான். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத உடுங்க" என்றான்.

ஊசி போட்டு உறிஞ்சினார்கள். கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த அம்மன் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மேல்மலையனூர் அம்மன் பெயர் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முடிவு வந்தபோது, இதில் தெளிவாகத் தெரியவில்லை, கட்டியையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இன்னொரு நாள் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, பெரிய நெல்லிக்காயை எடுத்தார்கள், கூடவே டெஸ்டுக்கு ரத்தமும். வீட்டில் கழுத்துப் பிளாஸ்திரிக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் பேனர் கம்பி குத்திவிட்டது என்றேன். மனைவி மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். மகள் மட்டும் என்னை உற்றுப் பார்த்து, கம்பி எப்படிப் பின்னால் வந்து குத்தியது என்று கேட்டாள். கம்பிக்கு முன்னால் பின்னால் தெரியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ரிசல்ட் சொல்கிற நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மச்சானும் நானும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவரிடம் ஏதோ தமாஷ் சொன்னேன். அவர் சிரித்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து மச்சானோடு உள்ளே போனேன்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கையில் இருந்த தாளைப் பார்த்தபடியே, "உக்காருங்க சார். இது கேன்சர் இல்ல. டிபியும் இல்ல" என்றார்.

அந்த நொடியில் நான் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். மச்சான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். நெறி கட்டுவது என்று நாம் சொல்கிற நிணநீர் முடிச்சுக்குள்ளே ஒரு ஒட்டுண்ணி புகுந்து வீங்க வைத்திருக்கிறது. பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாது. இப்படிக் கழுத்துக் கட்டியாக வந்து அகப்படுவது அபூர்வம்தான். ரத்தப் பரிசோதனையிலும் அதுதான், புதிதாக வந்தது என்று காட்டுகிறது. உங்கள் மாதிரி ஆரோக்கியமானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும், மீதிக் கட்டி கரையக் கொஞ்ச நாள் ஆகும், பயப்பட வேண்டாம் என்றார்.

என் உடம்பில் யாரோ குடியேறியிருக்கிறார்கள், வாடகையும் கொடுக்கவில்லை, காலி பண்ணவும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள் என்று மச்சானிடம் சொன்னேன். போன உயிர் வந்த சந்தோஷத்தில் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வீட்ல பூனை இருக்கா சார்? அதுல இருந்து இது பரவும்" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லிங்க மேடம். பால திருட்டுத்தனமா குடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

அவரும் சிரித்தார். "கறி எதுனா சரியா வேகாம சாப்பிட்டீங்களா? அரைவேக்காட்டுக் கறியிலயும் இது வரும்."

சேச்சே என்று நான் ஆரம்பிப்பதற்குள் மச்சான் குறுக்கே வந்தான். "மாமா, சொவரொட்டி."

ஆமாம் என்று நினைவு வந்தது. என் வாட்டும் முறையைக் கொஞ்சம் பெருமையாகவே டாக்டருக்கு விவரித்தேன். கம்பி, தீ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், உள்ளே சிவப்பு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பிறகு நிமிராமல், "உங்களுக்கு மட்டும்தான் செஞ்சீங்களா, வீட்ல வேற யாரும் சாப்டாங்களா?" என்றார்.

"என் பொண்ணுக்குத்தாங்க மேடம் செய்யறதே. நான் சும்மா ருசி பாக்கறவன். மாசமா கீது, ரத்தம் கம்மின்னு..."

பேனா நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போனதை நான் பார்த்தேன். மச்சான் என் தோளில் இருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசினார். சாதாரண ஆளுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு இது புதிதாக வந்தால் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குப் போகலாம். போனால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. வந்திருந்தாலும் மருந்து இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும், உடனே தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கே மகளை அழைத்து வாருங்கள், ரத்தம் எடுக்கலாம் என்றார். "அவங்ககிட்ட தெளிவா சொல்லிக் கூட்டினு வாங்க சார். மறைக்காதீங்க" என்று கடைசியில் சொன்னார். என் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். மச்சான் வண்டியைக் கிளப்பவில்லை. இத்தனை நாளாகப் பேரப்பிள்ளையின் முகத்தை நான் பார்ப்பேனா என்று அழுதுகொண்டிருந்தேன். இப்போது அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்குமா என்று கேள்வி திரும்பி வந்து நின்றது. என் சாவுக்காக நான் எத்தனையோ தமாஷ் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு ஒன்றுகூட இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது மச்சான், "வளைகாப்பு முடிஞ்சி சொல்லிக்கலாமா மாமா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். கையில் வளையல் ஏறப் போகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? ஊரும் உறவும் அதைத்தான் சொல்லும். நானும் அதைத்தான் செய்திருப்பேன், டாக்டர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

சாயங்காலம் மகள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டி, ஊசி, கீறல், ஒட்டுண்ணி, மண்ணீரல். வளைகாப்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையைப் பாத்திரத்தில் இருந்து எடுக்கவே இல்லை. என் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"மொதல்ல நீங்க குடுத்தத பொண்ணு அப்டியேதான் துன்னுச்சி" என்றாள். "அப்பறம் அதுக்குக் கொமட்டுச்சி. நீங்க கடைக்குப் போனதும் தட்ட வாங்கினு வந்து நான் கொழம்புல போட்டு வேக வெச்சிடுவேன். உங்ககிட்ட சொன்னா சத்து போச்சின்னு கத்துவீங்களேன்னுதான் சொல்லல."

எத்தனை வாரம் அரைவேக்காடாகத் தின்றாள் என்று கேட்டேன். நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் இருக்கலாம், மூன்று வாரமும் இருக்கலாம். நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருவருக்கும் சரியாக நினைவு வரவில்லை. எனக்கு எந்த வாரத்துத் துண்டில் அது வந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. ஒரே மண்ணீரலை நடுவில் வெட்டி, ஆளுக்குப் பாதி. கேஸ் அடுப்பைப் பார்க்கப் பிடிக்காமல் முன்னறைக்கு வந்துவிட்டேன்.

மகள் வந்ததும் அவளை உட்கார வைத்தோம். சொல்ல ஆரம்பித்தவன் பழக்க தோஷத்தில், அப்பாவுக்குக் கழுத்தில் குடித்தனக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தொடங்கினேன். "தமாஷ் பண்ணாம சொல்லுப்பா" என்றாள். சொன்னேன். நடுவில் ஒருமுறைகூட அவள் குறுக்கிடவில்லை. கை மட்டும் வயிற்றின் மேல் போனது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு என் துண்டை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுக் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள்.

"இத்தினி நாளா இத மறைச்சிக்கினு தெனம் எங்கூட ஒக்காந்து துன்னுக்கினு இருந்தியா?"

உனக்கு எதுவும் தெரியக்கூடாது என்றுதான் என்று சொன்னேன்.

"எனக்குத்தானப்பா மொதல்ல தெரியணும்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. கட்டி வந்ததை அன்றைக்கே சொல்லியிருந்தாலும், அது மண்ணீரலால் வந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. கட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு எத்தனை ஞாயிறு அவளுக்கு மண்ணீரல் வாட்டியிருக்கிறேன்?

மாப்பிள்ளையிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் போனில் ரொம்ப நேரம் பேசினாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வளைகாப்பைத் தள்ளி வைக்கலாமா என்று மனைவி கேட்டாள். "அது நடக்கட்டும். இது தனியா நடக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். வேறு ஊருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டிய டெஸ்ட், முடிவு வர அடுத்த வாரம் ஆகும் என்றார்கள். ஆக, முடிவு தெரியாமல் வளைகாப்பு. வாசலில் நான் அடித்த பேனர், ரோஜாப்பூ, மயில். ஒலக்கூரில் இருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லாரும் என்னிடம் தமாஷ் எதிர்பார்த்தார்கள். ஏதோ சொன்னேன், சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று பரிமாறிக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்ப்பேன். மகள் மனையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். ஒவ்வொரு பெண்ணாக வந்து வளையல் போட்டார்கள். இந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்று சம்பந்தியம்மா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று நினைத்தேன். கண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. யாராவது வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் என் கையில் இருந்த வாளியை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முடிவு வந்த அன்றைக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவி வரவில்லை, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் காரில் மகளையும் என்னையும் அழைத்துப் போய் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். டாக்டர் அறைக்கு வெளியே மகளின் பெயரைக் கூப்பிட்டதும் நானும் உள்ளே வருகிறேன் என்று பெஞ்சில் இருந்து எழுந்தேன். மகள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். "நானே கேட்டுக்கறேன்" என்று கண்ணாடி வளையல்கள் குலுங்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெஞ்சில் நான் மட்டும். எதிரே சுவரில் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு ஒட்டியிருந்தது. அதை முழுக்கப் படித்தேன். திரும்பவும் முதலில் இருந்து படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். அழுகிற ஆளின் வளையல் எப்படிச் சத்தம் போடும், சிரிக்கிற ஆளின் வளையல் எப்படிச் சத்தம் போடும் என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு வேண்டாம், எல்லாம் எனக்கே திரும்ப வரட்டும், இரண்டு பங்காக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் நோய் கேட்டு வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மகள் வெளியே வந்தாள். கையில் மடித்த தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த பலகை மாதிரி. எழுந்து நின்று அவளையே பார்த்தேன்.

"டீ வாங்கிக் குடுப்பா" என்றாள்.

என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முன்னால் நடந்தாள். ரோட்டோரத்து டீக்கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு டீ சொன்னேன். அவள் ஊதி ஊதி ஆற அமரக் குடித்தாள். போகிற லாரிகளைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். அவள் அதை மடியில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னமா சொன்னார் என்று இன்னொரு தடவை கேட்டேன். டீயில் சர்க்கரை கம்மி என்றாள். அவ்வளவு மோசமாக இருந்தால்தான் இப்படிப் பேச்சை மாற்றுவாள் என்று தோன்றியது. டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்டி கீது, யாரும் சொல்லாம இருந்தா?" என்று கேட்டாள்.

நான் அவள் டம்ளரை வாங்கி என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு வரலப்பா. வரவே இல்லியாம். ரத்தத்துல எதுவும் இல்ல" என்றாள். கல் மாதிரி வைத்திருந்த அவள் முகமும் அப்போது கலைந்துவிட்டது. "இனிமேலும் வராம பாத்துக்கணுமாம். கறிய நல்லா வேக வெச்சிதான் துன்னணுமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அழுகை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை போட்டிருக்கிறவர் இப்படி அழுகிறவர்களை எத்தனையோ பார்த்திருப்பார். அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தவர், என்னிடம் கேட்கத் தயங்கி, மகளிடம் தணிந்த குரலில், "இன்னாமா ஆச்சி? யாருக்கு?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் ஆவலண்ணே. அதான் அழுவுறாரு."